சீனர்களிடையே லுத்தரன் மிஷன்: குட்ஸ்லாஃபைத் திட்டிவிட்டுக் கடந்து போய்விடலாமா?

பொறையாறு_சாமு எழுதியது:

தமிழ்நாட்டுக்கு வந்த மிஷனரிகள் சீகன்பால்கு, சுவார்ட்ஸ், ரேனியஸ் என்று இந்தக் குழுமத்தில் நிறையப் பேசியாகிவிட்டது. அதே ஜெர்மானிய, ஸ்காண்டிநேவிய லுத்தரன்கள் (மார்ட்டின் லூத்தர் வழி வந்த புராட்டஸ்டன்ட்கள்) சீனாவில் என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்டால் 'அபினிக் கப்பலில் போன பாதிரி' என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பாதிரி கார்ல் குட்ஸ்லாஃப். அந்த வரி பொய் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், ஹாங்காங்கிலும் மலேசியாவின் சபா மாநிலத்திலும் இன்றைக்கு இருக்கிற சீன லுத்தரன் சபைகள் எங்கிருந்து முளைத்தன என்பதற்கு விடை கிடைக்காது. அதனால்தான் இந்த இழை.

ஆள் 1803-ல் பொமரேனியாவில் ஒரு தையல்காரர் வீட்டில் பிறந்தவர். சேணம் தைக்கும் தொழிலுக்கு விட்டிருந்தார்கள். பதினெட்டு வயதில் பிரஷ்ய அரசர்மேல் ஒரு கவிதை எழுதிக் கொடுத்து, அதன் பலனாக பெர்லினில் ஜேனிக்கே நடத்திய மிஷன் பள்ளியில் இடம் வாங்கினார். சாகும்வரை அவரிடம் இருந்த குணம் இதுதான், பெரிய மனிதர்களை எப்படி அணுகுவது என்று அவருக்குத் தெரியும். டச்சு மிஷன் அனுப்பி 1827-ல் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) வந்து இறங்கினார். இந்தோனேசியத் தீவுகளில் வேலை செய்யச் சொன்னார்கள், இவருக்குச் சீனப் பைத்தியம் பிடித்துவிட்டது. மிஷனை விட்டு விலகி பாங்காக் போய், அங்கேயிருந்த சீன வியாபாரிகளோடு பழகி, அவர்களில் குவோ என்ற குலத்தில் தத்துப் பிள்ளையாகச் சேர்ந்து, 1831-ல் ஒரு சீன மரக்கலத்தில் ஏறி வடசீனத் துறைமுகமான டியன்ட்சின் வரை போய்விட்டார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரன் தென்சீனத் துறைமுகமான கான்டனைத் தாண்டி வடக்கே கால் வைக்கவே சட்டம் கிடையாது.

அடுத்த வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் ஒரு பயணம். மூன்றாவது பயணம்தான் வம்பு. 1832 கடைசியில் ஜார்டைன் கம்பெனி வடக்கே அபினி விற்க 'சில்ஃப்' என்ற கப்பலை அனுப்பியது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார்கள், இவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். கப்பலின் ஒரு பக்கம் அபினிப் பெட்டி இறங்கியது, மறுபக்கம் இவர் கைப்பிரதியும் மருந்தும் கொடுத்தார்.

கறார்_கந்தன் எழுதியது:

இதற்குமேல் என்ன பேச்சு? அபினி யுத்தத்தில் இங்கிலாந்துக்காரனுக்குத் துபாஷி இவர். சீனக் கடற்கரையில் சூஷான் தீவைப் பிடித்ததும் அங்கே மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்தவர் இவர். அந்த யுத்தத்தை முடித்த 1842 நான்கிங் ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ்காரர்களுக்காக மொழிபெயர்த்தவர்களில் ஒருவர் இவர். 1843-லிருந்து ஹாங்காங் அரசாங்கத்தின் சீனச் செயலாளராகச் சம்பளம் வாங்கினவர் இவர். சில்ஃப் கப்பலை வேண்டுமானால் வாலிப வயதுத் தவறு என்று மன்னிக்கலாம், மற்றதெல்லாம்? ஹாங்காங் சென்ட்ரலில் இன்றைக்கும் அவர் பேரில் ஒரு தெரு இருக்கிறது. பிரிட்டிஷ்காரன் நன்றி மறக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இப்படிப்பட்ட ஆள் போட்ட விதையிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்வதில் அந்தச் சபைகளுக்கே பெருமை இருக்கிறதா?

மலர்_நெல்லை எழுதியது:

கந்தன் அண்ணன் கோபம் நியாயமானதுதான், அதற்கு சாமு ஐயா பதில் சொல்லட்டும். நான் இடையில் ஒரு செய்தி சொல்லிக்கொள்கிறேன், ஜேனிக்கே என்ற பேரைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

பெர்லினில் அந்தப் பள்ளியை 1800-ல் தொடங்கியவர் யோகான்னஸ் ஜேனிக்கே. அவருடைய தம்பி யோசேப்பு தானியேல் ஜேனிக்கே நம் ஊரில் வேலை செய்தவர். சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சையில் இருந்து, பாளையங்கோட்டைச் சபைகளைப் பார்த்துக்கொண்டு, காய்ச்சலில் அலைந்து அலைந்து 1800-ல் தஞ்சாவூரிலேயே இறந்துபோனவர். அண்ணன் பெர்லினில் பள்ளி திறந்த அதே வருஷம். அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்தான் நம் ரேனியஸ் ஐயர், 1814-ல் சென்னையில் இறங்கினார். ஆக, ரேனியஸும் குட்ஸ்லாஃபும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள், சில வருஷ இடைவெளி அவ்வளவுதான். இரண்டு பேருமே அனுப்பின சங்கத்தோடு முட்டிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேனியஸை 1835-ல் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) வெளியேற்றியது, குட்ஸ்லாஃப் தானாகவே டச்சு மிஷனை உதறினார். ஜேனிக்கே பள்ளியில் கீழ்ப்படிதல் மட்டும் பாடத்தில் இல்லை போலிருக்கிறது.

நூலகப்புழு எழுதியது:

நல்ல தகவல் மலர். ஆனால் தலைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, 'லுத்தரன் மிஷன்' என்றால் எதை எல்லாம் சேர்ப்பீர்கள்? சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்திலிருந்து நடந்த பாசல் மிஷன் சுத்த லுத்தரன் கிடையாது, தென்ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் லுத்தரன்களும் சுவிஸ் சீர்திருத்த சபைக்காரர்களும் கலந்து நடத்தியது. நமக்கு அது மங்களூர் ஓட்டில் பேர் போட்ட கம்பெனியாகத்தான் தெரியும். ஜெர்மனியின் ரேனிஷ் மிஷனும் கலப்புதான்.

பொறையாறு_சாமு எழுதியது:

புழு, அந்தக் கணக்குப் பார்த்தால் இந்த இழையில் நார்வேக்காரனும் அமெரிக்காவின் மிசௌரி சினாட் என்ற லுத்தரன் சபைக்காரனும்தான் மிஞ்சுவார்கள். சீனாவுக்குப் போன பாசல்காரர்களில் முதல் இருவர், ஹாம்பெர்க் சுவீடன் லுத்தரன், லெக்லர் வுர்ட்டம்பெர்க் லுத்தரன். அவர்கள் வழியாக வந்த சபைகள் பிற்பாடு லுத்தரன் உலகக் கூட்டமைப்பிலேயே சேர்ந்துகொண்டன. அவர்களே அந்தப் பேரை ஏற்றுக்கொண்ட பிறகு நாம் யார் தள்ளிவைக்க?

சரி, கந்தனுக்கு வருகிறேன். குட்ஸ்லாஃபின் பாவக் கணக்கு அங்கேயே முடியவில்லை, இன்னும் பெரியது ஒன்று இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். 1844-ல் ஹாங்காங்கில் 'சீனச் சங்கம்' என்று ஒன்று தொடங்கினார். யோசனை என்னவோ அந்தக் காலத்துக்கு ரொம்ப முன்னால் போனது: சீனாவைச் சீனன்தான் கிறிஸ்தவனாக்க முடியும், வெள்ளைக்காரன் வேலை பயிற்சி கொடுப்பதோடு முடிந்தது. ஒப்பந்தத் துறைமுகங்களுக்கு அப்பால் அந்நியன் போகக் கூடாது, ஆனால் சீன உபதேசியார் எங்கேயும் போகலாம் இல்லையா. ஆட்களைச் சேர்த்தார், ஞானஸ்நானம் கொடுத்தார், கையில் புதிய ஏற்பாட்டுக் கட்டும் வழிச்செலவுப் பணமும் கொடுத்து பதினெட்டு மாகாணத்துக்கும் அனுப்பினார். திரும்பி வந்தவர்கள் பயண நாட்குறிப்பு கொடுத்தார்கள், இத்தனை ஊர், இத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்று. அதை ஜெர்மன் பத்திரிகைகளில் போட்டதும் ஐரோப்பாவே பரவசமாகிவிட்டது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று கணக்கு வந்தது.

உண்மையில் நடந்தது என்ன? நிறையப் பேர் எங்கேயும் போகவில்லை. ஹாங்காங்குக்கு எதிரே கவ்லூன் பக்கத்திலேயே தங்கி, வழிச்செலவை அபினியிலும் சூதிலும் விட்டுவிட்டு, நாட்குறிப்பைக் கற்பனையில் எழுதிக்கொண்டு வந்தார்கள். புதிய ஏற்பாட்டுக் கட்டுகளை அச்சடித்தவனிடமே பாதி விலைக்கு விற்றார்கள். அச்சுக்காரன் அதே கட்டுகளைத் திரும்ப குட்ஸ்லாஃபுக்கே புதுசு என்று விற்றான். ஒரே புத்தகம் எத்தனை சுற்றுச் சுற்றியதோ, ஒவ்வொரு சுற்றுக்கும் காசு கொடுத்தது இவர்தான், அதில் பெரும்பங்கு அவருடைய சொந்த அரசாங்கச் சம்பளம்.

கறார்_கந்தன் எழுதியது:

அபினிக் கப்பலில் போனவர் காசு அபினிக்கே போயிற்று. எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை.

மலர்_நெல்லை எழுதியது:

அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சீன மொழிகள் பேசினவர், அரசாங்கச் செயலாளர், தினமும் நூறு சீனர்களைப் பார்க்கிறவர். ஏமாந்தாரா, ஏமாற்றினாரா?

பொறையாறு_சாமு எழுதியது:

என் கணிப்பில் ஏமாற விரும்பினார். பகல் முழுக்க அரசாங்க வேலை, காலையிலும் மாலையிலும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் சங்கத்துக்கு. அதில் யாரைச் சோதிப்பது? சந்தேகம் வந்தபோதும் பத்துப் பேர் போலி என்றால் மீதிப் பேர் நிஜம் என்று ஒதுக்கிவிட்டார். பொய்க் கணக்கால் அவர் சம்பாதித்தது ஒன்றும் இல்லை, இழந்ததுதான்.

உடைத்தவர் ஹாம்பெர்க். 1847 மார்ச்சில் பாசல் மிஷன் அனுப்பிய தியோடர் ஹாம்பெர்க், ருடால்ஃப் லெக்லர் இரண்டு பேரும், ரேனிஷ் மிஷனின் கெனேர், கூஸ்டர் இரண்டு பேரும் ஒன்றாக ஹாங்காங்கில் இறங்கினார்கள். நான்கு பேருமே குட்ஸ்லாஃபின் கடிதங்களைப் படித்துப் பரவசப்பட்டு வந்தவர்கள். 1849 கடைசியில் குட்ஸ்லாஃப் நன்கொடை திரட்ட ஐரோப்பா போனார், சங்கத்தை ஹாம்பெர்க் கையில் ஒப்படைத்துவிட்டு. அந்த மனிதர் சுவீடன்காரர், பொறுமைசாலி, மொழியை ஒழுங்காகப் படித்தவர். உபதேசியார்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, நீ போனதாகச் சொன்ன ஊருக்கு எந்த வழியாகப் போனாய், எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். சீட்டுக்கட்டு மாதிரி எல்லாம் சரிந்துவிட்டது. அங்கே ஐரோப்பாவில் குட்ஸ்லாஃப் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே இங்கேயிருந்து அறிக்கை போய்ச் சேர்ந்தது. 1851 ஜனவரியில் திரும்பி வந்தார், சங்கத்தை மறுபடி கட்டப் பார்த்தார், ஆகஸ்டில் இறந்துவிட்டார். வயது 48.

எல்லாரும் இங்கே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நான் இதற்கு அடுத்த பக்கத்துக்காகத்தான் இழையே ஆரம்பித்தேன்.

சங்கத்தில் சேர்ந்த எல்லாருமே கள்ளர்கள் இல்லை. ஜாங் ஃபூசிங் என்று ஒரு ஹக்கா, குவாங்டுங் மாகாணத்து வூஹுவா மலைநாட்டுக்காரர், அந்தச் சங்கத்தின் வழியாக வந்தவர். சங்கம் சரிந்த பிறகு 1852-ல் சொந்த ஊருக்குத் திரும்பிப் போனார். அங்கே எந்த ஐரோப்பியனும் கிடையாது. சொந்தக்காரர்களிடம் பேசினார், அடி வாங்கினார், மறுபடி பேசினார். 1860களின் தொடக்கத்தில் பாசல் மிஷனின் வின்னெஸ் என்பவர் முதல் தடவையாக அந்த மலைக்குப் போனபோது, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாக ஒரு சபையே காத்திருந்தது! ஏறக்குறைய பத்து வருஷம் ஒரு வெள்ளைக்கார ஐயரும் எட்டிப் பார்க்காமல் உறவுமுறை வழியாகவே வளர்ந்த சபை. குட்ஸ்லாஃப் சொன்ன யோசனை சரி, அவர் அதை நடத்தின விதம் தப்பு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நூலகப்புழு எழுதியது:

ஹக்கா என்றால் யார் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம். ஹான் சீனர்கள்தான், ஆனால் வடக்கிலிருந்து பிற்காலத்தில் தெற்கே வந்தவர்கள். நல்ல நஞ்சை எல்லாம் முன்னமே இருந்தவர்கள் கையில், இவர்களுக்கு மலையும் மேட்டு நிலமும். 1855-லிருந்து 1867 வரை குவாங்டுங்கில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் பெரிய ரத்தக்களறி நடந்தது. பெண்கள் பாதம் கட்டுவதில்லை, ஆண்களுக்குச் சமமாக வயலில் இறங்குவார்கள். பலம் உள்ள குலங்கள் மிஷனரியைத் துரத்தின இடத்தில் இவர்கள் கதவைத் திறந்தார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை, ஊரில் கேட்பார் இல்லாதவனுக்கு வெளியூர்த் துணை தேவைப்படும். லெக்லரை முதலில் சுவாட்டோ பக்கம் வேறு மொழிக்காரர்களிடம் அனுப்பினார்கள், அங்கே நிற்க விடவில்லை, அதன் பிறகுதான் ஹக்காப் பக்கம் திரும்பினார்.

கறார்_கந்தன் எழுதியது:

1850களில் சீனப் பேரரசையே ஆட்டிவைத்த தைப்பிங் கலகத்தை யாரும் சொல்லக் காணோம். தன்னை இயேசுவின் தம்பி என்று சொல்லிக்கொண்ட ஹோங் சியூச்சுவானும் ஒரு ஹக்காதானே? கோடிக்கணக்கில் செத்தார்கள். இதில் உங்கள் லுத்தரன்களுக்குப் பங்கு உண்டா இல்லையா?

பொறையாறு_சாமு எழுதியது:

நேரடிப் பங்கு இல்லை, உறவு உண்டு. ஹோங் வேதம் படித்தது கான்டனில் இசக்கார் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்க பாப்டிஸ்டிடம். ஆனால் தைப்பிங்காரர்கள் அச்சடித்துப் படித்த வேதாகமத்துக்கு அடிப்படை குட்ஸ்லாஃபும் மெட்ஹர்ஸ்ட் என்ற ஆங்கில மிஷனரியும் சேர்ந்து உழைத்த மொழிபெயர்ப்பு. தத்துப் பிள்ளையாகச் சீனக் குலத்தில் சேர்ந்தவரின் வேதாகமத்தை, தெய்வத்தின் இரண்டாம் பிள்ளை என்று சொல்லிக்கொண்டவர் கையில் எடுத்தார்.

ஹாம்பெர்க் வருவது இங்கேதான். ஹோங்கின் சொந்தக்காரர் ஹோங் ரென்கான் அரசாங்கத்துக்குப் பயந்து 1852-ல் ஹாங்காங்குக்கு ஓடி வந்தார். தன் கைப்பட எழுதின சில தாள்களை ஹாம்பெர்க்கிடம் கொடுத்தார், ஹோங் கண்ட தரிசனங்கள், அரசு உத்தியோகப் பரீட்சையில் தோற்றது, ஊரில் விக்கிரகத்தை எடுத்தது எல்லாம் அதில் இருந்தது. ஹாம்பெர்க் அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதின சின்னப் புத்தகம் 1854-ல் வந்தது. கலகத்தின் ஆரம்ப காலத்தைப் பற்றி எந்த நாட்டு வரலாற்றாசிரியர் எழுதினாலும் அதைத் தொடாமல் தாண்ட முடியாது, ஏனென்றால் உள்ளிருந்த ஒருவர் வாயால் வந்தது. புத்தகம் விற்ற பணம் ரென்கானுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் என்று வைத்திருந்தார். 1853-ல் ரென்கானுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவர்தான். அடுத்த வருஷமே வயிற்றுக்கடுப்பில் ஹாம்பெர்க் இறந்தார், 35 வயது. ரென்கான் 1859-ல் நான்கிங் போய்ச் சேர்ந்து தைப்பிங் அரசில் ராஜா பட்டம் வாங்கி, ரயில், வங்கி, பத்திரிகை எல்லாம் வேண்டும் என்று திட்டம் எழுதினார். 1864-ல் மரண தண்டனை.

கோடிக்கணக்கான சாவுக்கு ஹாம்பெர்க்கைப் பொறுப்பாக்க முடியாது கந்தன், அவர் கேட்டார், எழுதினார், அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ்_ராஜன் எழுதியது:

மலேசியாவிலிருந்து வணக்கம். சபா பற்றி சாமு அண்ணன் முதல் பதிவில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விட்டார், மீதியை நான் சொல்கிறேன்.

தைப்பிங் தோற்ற பிறகு ஹக்கா ஊர்களுக்குக் கெட்ட காலம். 1881-ல் வடபோர்னியோவை (இன்றைய சபா) பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று எடுத்தது, காடு வெட்ட ஆள் வேண்டும். கம்பெனியின் ஆள் ஹாங்காங்கில் வந்து லெக்லரைப் பார்த்தார். லெக்லர் என்ன கேட்டார் என்றால், கூலியாக அனுப்ப மாட்டேன், குடும்பம் குடும்பமாக வருவார்கள், கப்பல் செலவும் சொந்தமாக விவசாயம் செய்ய நிலமும் கொடு. 1883-லிருந்து குடாட் பக்கம் ஹக்காக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து இறங்கின. காட்டை அழித்துத் தென்னை வைத்தார்கள். முதலில் கூட வெள்ளைக்கார போதகர் யாரும் வரவில்லை, வீட்டில் கூடிப் பாட்டுப் படித்து ஜெபம் செய்து தாங்களாகவே சபை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அது மலேசிய பாசல் கிறிஸ்தவ சபை, சபாவில் பெரிய சபைகளில் ஒன்று. ஹக்கா, மாண்டரின், மலாய் எல்லாவற்றிலும் ஆராதனை நடக்கிறது, பூர்வகுடி மக்களும் நிறையப் பேர்.

நம் தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் ஆள் பிடித்த கங்காணி முறையை இதோடு வைத்துப் பாருங்கள், எனக்கு வயிறு எரிகிறது. நம் ஆட்களுக்காக இப்படி நிலம் கேட்டுப் பேரம் பேச ஒரு லெக்லர் வரவில்லை.

மலர்_நெல்லை எழுதியது:

ராஜன் தம்பி, உங்கள் ஊரில் தமிழ் லுத்தரன் சபையும் இருக்கிறதே, சீனர்களோடு ஒன்றாகவா?

பிரிக்பீல்ட்ஸ்_ராஜன் எழுதியது:

தனித்தனி அக்கா. எங்களது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சீயோன் கோயில். ரயில்வே வேலைக்கும் தோட்டத்துக்கும் வந்த தமிழ் லுத்தரன்களுக்காக 1907-ல் தொடங்கின சபை, தரங்கம்பாடி வழி. தீபாவளி நேரத்தில் வெளியே தெருவே கொள்ளாது, உள்ளே வழக்கம்போல தமிழ்ப் பாட்டு.

சீன லுத்தரன் சபை மேற்கு மலேசியாவில் வந்த கதை வேறு. 1948-ல் அவசர காலம் அறிவித்து, கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்று, காட்டோரத்தில் இருந்த சீனர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் கொண்டுவந்து அடைத்தார்கள். அதே சமயத்தில் சீனாவிலிருந்து மிஷனரிகள் எல்லாரும் வெளியேற வேண்டியதாயிற்று. சீன மொழி தெரிந்த, வேலை இல்லாத அமெரிக்க லுத்தரன் மிஷனரிகளுக்கு இந்தப் புதுக்கிராமங்கள்தான் புது இடம் ஆயிற்று. மருந்தகம், ஞாயிறு பள்ளி, கடைசியில் சபை. 1963-ல் தனிச் சபையாக அமைத்தார்கள். அதனால்தான் கோலாலம்பூரில் இரண்டு லுத்தரன் சபை, ஒன்றுக்குத் தரங்கம்பாடி வேர், இன்னொன்றுக்குச் சீனாவிலிருந்து வெளியேறியவர்கள் வேர். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கதை தெரியாது, அது சீனன் கோயில் என்பதோடு சரி.

சாத்தின்_செல்வி எழுதியது:

ஹாங்காங்கில் இருக்கிறேன். எல்லாரும் ஜெர்மனியைச் சுற்றியே வருகிறீர்கள், நார்வேக்காரர்களை மறந்துவிட்டீர்கள். என் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைமேல் தாவ் ஃபோங் ஷான் இருக்கிறது. ஞாயிறு மதியம் சாத்தின் ஸ்டேஷனிலிருந்து படி ஏறிப் போனால் மூச்சு வாங்கும், மேலே போனதும் பௌத்த மடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். எட்டுப் பட்டைக் கட்டடம், வளைந்த ஓட்டுக் கூரை, சுவர் வெள்ளை, தூண் சிவப்பு, மணி. உள்ளே பீடத்தில் சிலுவை, அது தாமரைமேல் நிற்கிறது. கீழே குகை மாதிரி ஒரு தியான அறை, குனிந்துதான் நுழைய வேண்டும். வெளியே மலை விளிம்பில் உயரமான வெள்ளைச் சிலுவை, அதில் இரண்டே சீன எழுத்து, 'முடிந்தது' என்று இயேசு சிலுவையில் சொன்ன வார்த்தை.

இதைக் கட்டினவர் கார்ல் லூட்விக் ரைக்கெல்ட். 1903-ல் நார்வே மிஷனிலிருந்து ஹுனான் மாகாணத்துக்கு வந்தவர். 1905-ல் வெய்ஷான் என்ற பெரிய பௌத்த மடத்தைப் போய்ப் பார்த்திருக்கிறார், அங்கே பார்த்த துறவிகளின் தேடல் அவர் மனதைவிட்டுப் போகவே இல்லை. 1922-ல் நான்கிங்கில் துறவிகளுக்கென்றே ஒரு இடம் தொடங்கினார். திரிகிற பிக்குகள் வந்து தங்கலாம், சைவச் சாப்பாடு, மணி அடித்து ஊதுவத்தி ஏற்றி ஜெபம், மதம் மாறு என்று நெருக்க மாட்டார்கள், பேசிக்கொண்டிருக்கலாம். ஆயிரக்கணக்கில் வந்து போயிருக்கிறார்கள், ஞானஸ்நானம் வாங்கினவர்கள் கொஞ்சம்தான். 1927 கலவரத்தில் நான்கிங் இடம் நாசமாயிற்று. அப்புறம்தான் ஹாங்காங்கில் இந்த மலை, 1930-லிருந்து. பௌத்த மடங்களை அளந்து ஆராய்ந்த டேனிஷ் கட்டடக்கலைஞர் பிரிப்-மொல்லர் வரைந்து கொடுத்தார்.

சொந்த மிஷனுக்கே இது பிடிக்கவில்லை, 1926-ல் பிரிந்து தனியாக நடத்தினார். 1952-ல் இறந்து அங்கேயே அடக்கம்.

நூலகப்புழு எழுதியது:

செல்வி, இதற்கு நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு தாம்பரத்தில் நடந்தது, புதிதாகக் கட்டின கிறித்துவக் கல்லூரி வளாகத்தில். டச்சுக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் அதற்காகவே ஒரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார், மற்ற மதங்களுக்கும் சுவிசேஷத்துக்கும் நடுவே பாலம் கிடையாது என்பது அவர் வாதம். அதை எதிர்த்தவர்களில் ரைக்கெல்ட் ஒருவர். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, எந்த மனிதனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி பௌத்தனிடத்திலும் இருக்கிறது என்பது அவர் கட்சி. மாநாட்டுக் கட்டுரைத் தொகுதியில் அவருடைய கட்டுரை இருக்கிறது. நம் ஆட்களில் கிரேமரை எதிர்த்த சென்னைக்காரர்கள் சிலரும் உண்டு, அது தனி இழை.

கறார்_கந்தன் எழுதியது:

இந்த ரைக்கெல்ட்டிடம் மட்டும் எனக்குப் புகார் இல்லை. பீரங்கி இல்லாமல் வந்து, சோறு போட்டு, பேசிக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரன் அப்படியா? 1897-ல் இரண்டு பாதிரிகள் செத்ததைச் சாக்கு வைத்து கிங்டா துறைமுகத்தையே பிடுங்கிக்கொண்டான்.

நூலகப்புழு எழுதியது:

அந்த இருவர் கத்தோலிக்கர்கள் கந்தன். லுத்தரன் கணக்கில் எழுதாதீர்கள்.

கறார்_கந்தன் எழுதியது:

பிடுங்கின கிங்டாவில் போய் உட்கார்ந்த ஜெர்மன் மிஷன்களில் உங்கள் ஆட்களும் உண்டே. அந்தக் கணக்கு யாருடையது?

பொறையாறு_சாமு எழுதியது:

உண்டு, பெர்லின் மிஷன் போயிற்று. வைமர் மிஷனின் ரிச்சர்ட் வில்ஹெல்மும் 1899-ல் அங்கேதான் வந்தார். அவர் என்ன செய்தார் என்றால் பள்ளிக்கூடம் வைத்தார், பழைய சீனப் பண்டிதர்களிடம் மாணவனாக உட்கார்ந்தார், லாவ் நைஷுவான் என்ற பெரியவரோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஈ சிங் என்ற பழைய சீன நூலை ஜெர்மனில் கொண்டுவந்தார். ஒரு சீனனுக்கும் ஞானஸ்நானம் கொடுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்! மிஷனரியாகப் போய்ச் சீனத்தின் சீடனாகத் திரும்பி வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நார்வே, அமெரிக்கா பக்கம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் செல்வி சண்டைக்கு வருவார். 1890களிலிருந்து ஹுபேய், ஹுனான், ஹெனான் மூன்று மாகாணத்திலும் நார்வே, பின்லாந்து, சுவீடன், அமெரிக்க நார்வேக்காரர்கள், அமெரிக்க சுவீடன்காரர்கள் என்று வரிசையாக வந்து இறங்கினார்கள். 1913-ல் ஹாங்கோவுக்கு அருகே ஷெக்கோவில் பொதுவான இறையியல் கல்லூரி. 1920-ல் ஜிகோங்ஷான் மலையில் கூடி ஒரே சீன லுத்தரன் சபை என்று அமைத்தார்கள். மிசௌரி சினாட்டின் ஆர்ன்ட் அதே 1913-ல் ஹாங்கோ வந்தார், அவர் யாரோடும் சேரவில்லை, அது மிசௌரிக்காரர்களின் வழக்கம். உள்நாட்டுச் சண்டை நடுவில் டேனியல் நெல்சன் 1926-ல் சின்யாங்கில் வழிதவறி வந்த குண்டுபட்டு இறந்தார். மாரி மொன்சென் என்ற நார்வேக்காரி 1929-ல் கப்பலோடு கொள்ளைக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு மூன்று வாரத்துக்கு மேல் கைதியாக இருந்து உயிரோடு வந்தார்.

சாத்தின்_செல்வி எழுதியது:

மொன்சென் அம்மாவைக் கொள்ளைக்காரர் கதையோடு விட்டுவிட்டீர்களே. அவர் ஊர் ஊராகப் போய் மிஷனரிகளையும் சபை மூப்பர்களையும் வாசலில் நிறுத்தி, நீ மறுபடியும் பிறந்தவனா என்று முகத்துக்கு நேரே கேட்பாராம். இருபது வருஷம் பிரசங்கம் செய்தவர்கள் திணறியிருக்கிறார்கள். 1930களில் ஷான்டுங்கில் எழுந்த எழுப்புதலுக்கு அவரைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறார்கள்.

அப்புறம் அந்த விமானம். யுத்தம் முடிந்து 1946-லிருந்து லுத்தரன்கள் ஒரு பழைய ராணுவ டக்கோட்டாவை வாங்கி 'செயின்ட் பால்' என்று பேர் வைத்துச் சீனா முழுக்கப் பறந்தார்கள். முதலில் மருந்தும் நிவாரணச் சாமானும், 1948-49-ல் ஊர் ஊராகத் தவித்த மிஷனரிகளை, எந்த சபை என்று பார்க்காமல், ஏற்றிக்கொண்டு வருவது. ஷெக்கோ கல்லூரியும் அந்தச் சமயத்தில்தான் வாத்தியார், மாணவர், புத்தகம் எல்லாவற்றோடும் இங்கே வந்து ரைக்கெல்ட் மலையில் ஒண்டிக்கொண்டது. இப்போதும் அதே மலைப் பக்கம்தான், பெரிய கட்டடம். தியூ கெங் லெங் அகதி முகாமில் தோற்றுப்போன தேசியப் படைச் சிப்பாய்கள் குடிசை போட்டிருந்த இடத்தில் மிசௌரிப் பெண் மிஷனரிகள் தொடங்கின பள்ளி, மருந்தகம் இவற்றிலிருந்துதான் இங்கே இன்னொரு லுத்தரன் சபை வந்தது. இங்கே லுத்தரன் என்றால் முதலில் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வரும்.

கறார்_கந்தன் எழுதியது:

பணம் யாருடையது என்று யாருமே சொல்லவில்லை. அபினிக் கம்பெனி கொடுத்ததா, அரசாங்கம் கொடுத்ததா?

பொறையாறு_சாமு எழுதியது:

குட்ஸ்லாஃப் நடத்தின பத்திரிகைக்கு ஜார்டைன் பணம் தருவதாகச் சொன்னது உண்மை. பாசல் மிஷன் வேறு மாதிரி. 1850களில் 'அரைக்காசுக் காணிக்கை' என்று ஒன்று தொடங்கினார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு பெண் கையில் சின்ன நோட்டுப் புத்தகத்தோடு வாரா வாரம் வீடு வீடாகப் போவாள், ஆளுக்கு ஒரு அரை பாட்சன் (பழைய சுவிஸ் காசு), அதாவது நம் கணக்கில் சில்லறை. வேலைக்காரிகள், நெசவாளிகள், குழந்தைகள் போட்ட காசு. லெக்லர் 1847-ல் வந்து 1899 வரை இருந்தார், 52 வருஷம். அதில் பெரும்பகுதிக்குச் சோறு போட்டதில் அந்தச் சில்லறைக்கும் பங்கு உண்டு.

கறார்_கந்தன் எழுதியது:

லெக்லரை விட்டுவிடுகிறேன். அந்த வூஹுவா ஹக்காக்காரரையும். குட்ஸ்லாஃபை விடமாட்டேன், பீரங்கி திறந்த துறைமுகம் வழியாகத்தான் அரைக்காசும் உள்ளே போயிற்று.

பிரிக்பீல்ட்ஸ்_ராஜன் எழுதியது:

டிசம்பர் லீவில் குடாட் போகிறேன், பழைய பாசல் கோயிலைப் படம் எடுத்துப் போடுகிறேன். சாமு அண்ணன், ஜாங் ஃபூசிங்குக்கு வூஹுவாவில் கூட நின்றவர்கள் யார் என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள், அவர் தனியாகச் செய்திருக்க முடியாது.

பொறையாறு_சாமு எழுதியது:

ஷு ஃபூகுவாங் என்று ஒருவர், அவரும் அதே பக்கத்து ஹக்காதான். எட்டு ஹக்காக் கிறிஸ்தவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்லிப் பதிவானவை பாசல் ஆவணக் காப்பகத்தில் இருந்து அச்சிலும் வந்திருக்கின்றன. அடுத்த வாரம் அவற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், மிஷனரி சொன்னதை நிறையப் பார்த்துவிட்டோம்.